டாலிகஞ்ச் தோட்டத்துத் தீக்கோழிகள்

நாகலக்ஷ்மி அந்தத் தோட்டத்துக்குக் குடிவந்து பதினாலு மாசம் ஆகியிருந்தது. அதற்குள் அவள் வெளிக்கேட்டைத் தாண்டியது மூன்றே தடவை. ஒரு தரம் காளிகாட் கோயிலுக்கு, ஒரு தரம் காய்ச்சலுக்கு மருந்து வாங்க, இன்னொரு தரம் பவானிபூரில் சுப்புலக்ஷ்மி மாமி வீட்டு வளைகாப்புக்கு. மூன்று தடவையும் மஹாதேவன் கூட வந்தான். திரும்பி வந்ததும் முதல் காரியமாகக் கேட்டைப் பூட்டினான்.

கல்கத்தாவுக்கு வந்த புதிதில் அவர்கள் இருந்தது பவானிபூரில். ஒரே சந்தில் நாலு தஞ்சாவூர்க் குடும்பங்கள். குழாயடியில் நின்றால் போதும், யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து ஊரில் யாருக்குக் கல்யாணம் என்பதுவரை காதில் விழும். அந்த வாழ்க்கை மூன்று மாசம்தான் நீடித்தது. மஹாதேவன் வேலை பார்த்த வெள்ளைக்காரக் கம்பெனியின் பெரிய துரை ஹார்லிக்கு ஒரு யோசனை உதித்தது. சீமையில் துரைசானிகள் தொப்பியில் செருகிக்கொள்ளும் தீக்கோழி இறகை ஆப்பிரிக்காவில்தான் வளர்க்க வேண்டுமா, வங்காளத்தில் வளர்த்தால் என்ன என்று. டாலிகஞ்சில் பாழடைந்த தோட்ட பங்களா ஒன்றைப் பிடித்தார். கப்பலில் ஆறு தீக்கோழிகள் வந்து இறங்கின. கணக்கப்பிள்ளைகளில் சொன்ன பேச்சைத் தட்டாதவன் யார் என்று பார்த்து, மஹாதேவனைக் குடும்பத்தோடு அங்கே குடியேறச் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு வேலையை விடமாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ஒரு மழைக்காலத்தைக்கூட நாலு பறவைகள் தாண்டவில்லை. கால் நனைந்து நனைந்து, ஒவ்வொன்றாய் சேற்றில் உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கவேயில்லை. மிஞ்சியது ஒரு சேவலும் ஒரு பெட்டையும். செத்ததில் ஒன்றைக் கம்பெனி டாக்டர் அறுத்துப் பார்த்தபோது இரைப்பையில் கூழாங்கல், ஆணி, பித்தளைப் பொத்தான், உடைந்த சீப்புத் துண்டு எல்லாம் இருந்தன. கண்ணில் பளிச்சென்று பட்டதை விழுங்காமல் விடாது என்று பறவைகளைப் பார்த்துக்கொண்ட பீகார்க்காரன் ராம்தனி சொன்னான்.

கேட்டுக்குப் பூட்டு வந்தது ஒரு திருட்டால். வெட்டிக் கட்டி வைத்திருந்த இறகில் ஒரு கட்டு காணாமல் போயிற்று. அன்றிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் கேட் பூட்டியே இருக்க வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். மஹாதேவன் ஆபீஸ் போகும் நாளில் வெளிப்பக்கமாகப் பூட்டுவான், வீட்டில் இருக்கும் நாளில் உள்பக்கமாகப் பூட்டுவான். சாவி அவன் அரைஞாணில் தொங்கும். மதிலின் மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. ராம்தனி மட்டும் பின்பக்கத்துக் குடிசையில் இருந்தான். அவனோடு அவளுக்கு என்ன பேச்சு.

அதனால் அவள் தீக்கோழிகளைப் பார்த்தாள். மாடி வராந்தாவிலிருந்து பட்டி முழுவதும் தெரியும். உயரமான கம்பி வேலி, வீட்டுப் பக்கம் ஒரு சின்ன மரக்கதவு, கோடியில் தீனி வைக்கும் மூங்கில் கொட்டகை, நடுவில் வெறும் தரை. சமையல் முடிந்தால் அங்கே வந்து உட்காருவாள். எந்த வேளையில் எது எங்கே நிற்கும், எது கோபம், எது பயம், எது சும்மா சோம்பல் முறிப்பது என்று அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஐப்பசியில் சேவலின் கால் முன்பக்கம் குங்குமம் தடவினாற்போலச் சிவந்தது. கழுத்தை உப்பவைத்துக்கொண்டு சிங்கம் உறுமுவதுபோல் உறுமியது. பெட்டை மணலில் குழி பறித்து ஒன்பது முட்டை இட்டது. பகலில் பெட்டை அடைகாத்தது. அதன் சாம்பல் நிறம் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும். சாயங்காலம் வெயில் மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது பெட்டை எழுந்திருக்கும், கறுப்புச் சேவல் வந்து உட்காரும். ஒருநாளும் அந்த நேரம் தவறியதில்லை. இதையெல்லாம் அவள் மஹாதேவனிடம் சொல்ல நினைப்பாள். அவன் டிராமில் வந்து இறங்கி, கை கால் கழுவி, சாப்பிட்டு, பேச வாயெடுக்குமுன் தூங்கிவிடுவான்.

அந்தக் கார்த்திகை மாசத்துச் சனிக்கிழமை ராம்தனி இல்லை. சட் என்ற சூரிய பூஜைக்கு ஊருக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. துரை வீட்டில் மறுநாள் விருந்து, வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு தீக்கோழி முட்டை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை ஆள் வருவான் என்று துரைசானி சீட்டு அனுப்பியிருந்தாள்.

சேவல் இருக்கும்போது பட்டிக்குள் போக வேண்டாம் என்று நாகலக்ஷ்மி சொன்னாள். ராம்தனிகூட முள் கட்டிய கம்பு இல்லாமல் உள்ளே கால் வைக்கமாட்டான் என்றாள். அந்தக் கம்பைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஒரு நொடியில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், இப்போது முட்டைமேல் இருப்பது பெட்டைதானே, அது என்ன பண்ணிவிடப் போகிறது என்று சொல்லிவிட்டு மஹாதேவன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

காலை ஒன்பது மணி இருக்கும். அவன் பாதி தூரம்கூடப் போகவில்லை. சேவல் கொட்டகைக்குப் பின்னாலிருந்து இறக்கை இரண்டையும் விரித்துக்கொண்டு வந்தது. அவன் ஓடினான். குதிரை ஓடுவதைவிட வேகமாக ஓடும் பிராணியிடமிருந்து ஓடி எங்கே போவது. முன்பக்கமாக ஒரே உதை. அந்தக் காலில் இருப்பது இரண்டே விரல், பெரிய விரலின் நகம் உளி மாதிரி. தொடை கிழிந்து அவன் கீழே விழுந்து, தவழ்ந்து கொட்டகைக்குள் புகுந்து படலை இழுத்துச் சாத்திக்கொண்டான். சேவல் படலுக்கு வெளியே காவல் நின்றது.

நாகலக்ஷ்மி வேலியோரம் ஓடி வந்தாள். கொட்டகையின் மூங்கில் இடுக்கு வழியாக அவன் முகம் தெரிந்தது. தொடையில் வேஷ்டியைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன், ரத்தம் நிற்கவில்லை என்றான். சாவியை எறிகிறேன், கேட்டைத் திறந்து ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிடு என்றான். இதைச் சொல்லும்போது அவன் குரல் தயங்கியது. அவள் கேட்டைத் திறப்பது என்பது அதுவரை அவர்கள் இருவருக்கும் நடுவில் பேச்சாகக்கூட வந்ததில்லை.

இடுக்கு வழியாகக் கையை நீட்டி எறிந்தான். சாவி வேலிக்கு இரண்டு முழம் உள்ளேயே விழுந்தது. அவள் ஒரு குச்சியைத் தேடி எடுத்துக் கம்பிக்குள் விட்டு இழுக்கப் பார்த்தாள். வெயிலில் சாவி மின்னியது. சேவல் நிதானமாக நடந்து வந்தது. கழுத்தைத் தாழ்த்தி, ஒரு கண்ணால் சாவியைப் பார்த்து, இன்னொரு கண்ணால் அவளைப் பார்த்து, கொத்தி எடுத்தது. தலையை நிமிர்த்தியது. விரல் நீளச் சாவி அந்த நீண்ட கழுத்துக்குள் புடைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனதை அவள் கண்ணால் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்டுக்கு ஓடினாள். பூட்டைக் கல்லால் அடித்தாள். அது கை அகலத்து இரும்புப் பூட்டு, அசையவில்லை. கத்திப் பார்த்தாள். ரோடு தூரத்தில், நடுவில் மூங்கில் தோப்பு. மறுபடி வேலிக்கு வந்தாள். வராந்தாவிலிருந்து எத்தனையோ நாள் பார்த்த பட்டிதான். ஆனால் இப்போது வேலிக்குள் இருப்பது அவனா, தானா என்று அவளுக்கே ஒரு நிமிஷம் குழம்பியது. சாயங்காலம் சேவல் முட்டைமேல் போய் உட்கார்ந்துவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னாள். அவன் சரி என்றான். பதினோரு மணிக்கு ஜலம் கேட்டான். பன்னிரண்டு மணிக்கு மறுபடி கேட்டான். ஒரு மணிக்கு மேல் அவள் கூப்பிட்டால் அவன் என்னவோ முனகினான். பிறகு அதுவும் நின்றது.

மதிலுக்கு வெளியே வரிசையாக ஈச்ச மரங்கள். கார்த்திகை வந்தால் காசேம் அலி என்ற மரமேறி, பதநீருக்குப் பானை கட்டுவதற்காக அவற்றின் மட்டையைக் கழித்துவிட்டுக் கழுத்தைச் சீவுவான். போன வருஷமும் மதிலுக்கு மேலே அவன் தலை தெரிவதை அவள் பார்த்திருக்கிறாள். மதிலுக்கு அப்பால் யாரோடும் பேசக்கூடாது என்பது மஹாதேவனின் கட்டளை. மதியத்துக்கு மேல் அன்றைக்கும் அந்தத் தலை தெரிந்தது. நாகலக்ஷ்மி மதிலடிக்கு ஓடித் தனக்குத் தெரிந்த பத்து வங்காள வார்த்தைகளையும் கொட்டினாள். பாபு, பறவை, ரத்தம். அவன் மரத்தில் இருந்தபடியே பட்டியைப் பார்த்தான். புரிந்துகொண்டான். மதிலில் கண்ணாடி இருக்கிறது, குதிக்க முடியாது, ஊருக்குப் போய் ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்று கையாலும் வாயாலும் சொன்னான். அவள் மட்டையைக் காட்டினாள். ஈச்ச மட்டையின் அடியில் விரல் நீளத்துக்கு முள் இருக்கும். ஒரு மட்டையை வெட்டி உள்ளே எறிந்துவிட்டு அவன் இறங்கி ஓடினான்.

ஆட்கள் வரும்வரை காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தாள். கொட்டகையைப் பார்த்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மட்டையின் நுனியைப் பிடித்து, முள் இருக்கும் பக்கம் முன்னால் நீட்டியபடி மரக்கதவைத் திறந்தாள்.

சேவல் அவளைப் பார்த்து வந்தது. அவள் மட்டையை அதன் கண் உயரத்துக்குத் தூக்கினாள். அது நின்றது. கண்ணுக்கு நேராக முள் இருந்தால் அது முன்னால் வராது, அதை ராம்தனியிடம் அவள் நூறு தடவை பார்த்திருந்தாள். பக்கவாட்டில் வந்து பார்த்தது, மட்டையும் திரும்பியது. அப்படியே ஒவ்வொரு அடியாகக் கொட்டகைக்குப் போனாள். மஹாதேவன் படலில் சாய்ந்து கிடந்தான், கண் பாதி திறந்திருந்தது. அவள் அவனை உலுக்கி எழுப்பி, ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் முன்னால் பார்த்து நொண்ட, அவள் பின்னால் பார்த்து நடக்க, இருவரும் கதவை நோக்கி வந்தார்கள். முழு நேரமும் சேவல் மட்டைக்கு அந்தப் பக்கம் ஆறடி தூரத்தில் கூடவே வந்தது. பெட்டை முட்டைமேல் உட்கார்ந்தபடி கழுத்தைத் தரையோடு நீட்டிக் கிடந்தது.

கதவை எட்டிவிட்டார்கள். அவன் வெளியே போய் விழுந்தான், ஒரு கால் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. அதைத் தூக்கி வெளியே தள்ள அவள் குனிந்தாள். மட்டை தாழ்ந்தது. அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. உதை மட்டையில் பட்டு அது இரண்டாக முறிந்தது, அவள் பட்டிக்குள் மல்லாந்து விழுந்தாள். உடனே புரண்டு குப்புறப் படுத்துக்கொண்டாள். படுத்துக் கிடப்பவரைத் தீக்கோழியால் உதைக்க முடியாது, மிதிக்கத்தான் முடியும், இதுவும் ராம்தனி மஹாதேவனிடம் சொன்னபோது அவள் காதில் விழுந்ததுதான். முகத்தை மண்ணில் புதைத்துக் கையைப் பிடரியில் கோத்துக்கொண்டபோது அவள் காதில் விழுந்தது தாழ்ப்பாள் போடும் சத்தம்.

மஹாதேவன் காலை வெளியே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தான்.

சேவல் அவள் முதுகில் ஒரு காலை வைத்தது. ஒரு மனுஷன் ஏறி நின்றாற்போல இருந்தது. நகம் ரவிக்கையைக் கிழித்துச் சதையில் இறங்கியது. காலை எடுத்தது, சுற்றி வந்தது, மறுபடி வைத்தது. காதுத் தோட்டை இரண்டு மூன்று தரம் கொத்தி இழுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

வேலிக்கு வெளியே மஹாதேவன் அழத் தொடங்கினான். தாழ்ப்பாளைத் திறப்பதற்குக் கையைத் தூக்குவதும், சேவல் திரும்பிப் பார்த்ததும் கையை எடுப்பதுமாக இருந்தான். நாகு, நாகு என்று கத்தினான்.

"கத்தாதேங்கோ," என்றாள் அவள், மண்ணுக்குள்ளிருந்து. "கதவைத் திறக்காதேங்கோ. வெயில் எறங்கினா அது தானே போயிடும்."

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. மண் வாசனையும் பறவையின் எச்ச வாசனையும் மூக்கில் ஏறின. காதருகே அந்த இரண்டு விரல் கால் நின்றுகொண்டிருந்தது. அதன் தோல் பாம்புச் சட்டைபோலக் கட்டம் கட்டமாக இருப்பதை அவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான் பார்த்தாள். வயிற்றுக்குள் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. அதில் சாவியும் இருக்கும் என்று தோன்றியது. இந்தப் பறவையும் யாரோ ஒருவருடைய தொப்பிக்காகக் கடல் கடந்து வந்து இந்த நாலு வேலிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது, தன் முட்டையைத் தொட வந்தவனை உதைத்தது, அதில் அதன்மேல் என்ன தப்பு என்று நினைத்தாள். அதற்காகப் பயம் குறைந்துவிடவில்லை. முதுகு எரிந்தது. கால் மரத்துப்போயிற்று.

நடுவில் கேட்டைத் தடதடவென்று தட்டும் சத்தம். காசேம் அலி ஆட்களோடு வந்துவிட்டான். சத்தம் கேட்டுச் சேவல் மிரண்டு அவள் தோளில் ஏறி மிதித்தது. தட்ட வேண்டாம் என்று அவாளிடம் சொல்லுங்கள் என்றாள். மஹாதேவன் குரல் கொடுத்தான். கேட்டுக்கு அப்பால் வந்திருந்த எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் வெயில் மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. பெட்டை எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. காதருகே இருந்த கால் நகர்ந்தது. அவள் உடனே எழுந்திருக்கவில்லை. நூறுவரை எண்ணினாள். தலையைத் திருப்பிப் பார்த்தபோது சேவல் முட்டைகளின்மேல் மெல்ல முழங்காலிட்டு, இறக்கையை இரண்டு பக்கமும் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தது. அவள் தவழ்ந்து கதவுக்கு வந்தாள். மஹாதேவன் தாழைத் திறந்தான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நாகலக்ஷ்மி நிற்காமல் வெளிக்கேட்டுக்குப் போனாள். இடுக்கு வழியாகக் காசேம் அலியின் கண் தெரிந்தது. பின்னாலிருந்து மஹாதேவன் பலவீனமான குரலில், கம்பெனிப் பூட்டு, நாளைக் காலையில் முட்டைக்கு வரும் ஆளிடம் சொன்னால் ஆபீஸிலிருந்து இன்னொரு சாவி கொண்டு வருவான், உடைத்தால் துரை என்ன சொல்வாரோ என்று சொல்லிக்கொண்டிருந்தான். தரையில் அவன் இழுபட்டு வந்த வழியெல்லாம் ரத்தம்.

"தாலா பாங்கோ," என்றாள் அவள் கேட்டுக்கு அப்பால் இருந்தவர்களிடம். பூட்டை உடை. ராம்தனியிடமிருந்து ஒரு வார்த்தை, மதிலுக்கு வெளியே விறகு பிளக்கும் பெண்களிடமிருந்து ஒரு வார்த்தை.

கேட் இடுக்கு வழியாகக் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். பூட்டு உடையவில்லை, கொண்டிதான் பிய்ந்துகொண்டு வந்தது. மஹாதேவனை ஒரு கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு பவானிபூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பின்னால் நாகலக்ஷ்மி நடந்தாள். கிழிந்த முதுகின்மேல் யாரோ ஒரு வங்காளிப் பெண் தன் சால்வையைப் போர்த்திவிட்டிருந்தாள்.

கால் பிழைத்தது, ஆனால் நேராகவில்லை. ஹார்லி துரை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சேவலின் இறகுக்கு ஏதாவது சேதமா என்று முதலில் கேட்டார், பிறகு கால் எப்படி என்று கேட்டார். மஹாதேவன் தேறியதும் தோட்டத்துக்கே திரும்பலாம், நடக்க வேண்டிய வேலை அதிகம் இல்லை என்று தயவு காட்டினார். அவன் தலையை ஆட்டினான்.

துரை போன பிறகு நாகலக்ஷ்மி, தான் அங்கே வரப்போவதில்லை என்றாள். சுப்புலக்ஷ்மி மாமி மாடியில் ஒரு அறை தருகிறாள், நீங்கள் டிராமில் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

"அந்தக் கதவு," என்று ஆரம்பித்தான். "நான் வேணும்னு பண்ணலை, நாகு. எனக்கே தெரியாம கை போட்டுடுத்து."

"தெரியும்," என்றாள் அவள். "கை பழகின வேலை."

அவன் அழுதான். அவள் அவனுக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். அதைப் பற்றி அதற்குமேல் இருவரும் பேசியதில்லை.

கையெழுத்துப் போட்ட வருஷங்கள் பாக்கி இருந்ததால் அவன் தடியை ஊன்றிக்கொண்டு தினமும் தோட்டத்துக்குப் போய் வந்தான். முட்டை பொரித்ததா என்று அவள் தினம் கேட்பாள். மார்கழியில் நாலு குஞ்சு பொரித்தது. தைக்குள் பனியில் நாலும் போயின என்று சொன்ன அன்று அவள் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. இறகு வைத்த தொப்பியை யாரும் சீந்தவில்லை என்று சீமையிலிருந்து கடுதாசி வந்தது. துரை பறவைகள் இரண்டையும் வடக்கே ஒரு ஜமீன்தார் தோட்டத்துக்குத் தள்ளிவிட்டார்.

அனுப்புகிற அன்று, விட்டுவந்த பாத்திரங்களை எடுத்துக்கொள்வதற்காக நாகலக்ஷ்மியும் போயிருந்தாள். கேட் அகலத் திறந்திருந்தது, மாட்டுவண்டியில் இரண்டு மரக்கூண்டுகள். ராம்தனி கறுப்புக் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, சேவலின் அலகைப் பிடித்து, காலுறையைத் திருப்பி அதன் தலையில் கவிழ்த்தான். அவ்வளவுதான். அந்தப் பறவை கன்றுக்குட்டிபோல அவன் பின்னால் நடந்தது. கால் எங்கே வைக்கிறோம் என்றுகூடப் பார்க்க முடியாமல், தடவித் தடவிக் கூண்டுக்குள் ஏறியது. பெட்டையும் அப்படியே.

கூண்டைச் சாத்திய பிறகாவது அதைக் கழற்றிவிடக் கூடாதா என்று அவள் ராம்தனியைக் கேட்டாள். வழியில் மிரளும், அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கழற்றுவார்கள் என்றான் அவன். எத்தனை நாள் என்று கேட்டாள். மூன்று நாள் என்றான்.

வண்டி கிளம்பி மூங்கில் தோப்பைத் தாண்டும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மஹாதேவன் பித்தளை அண்டாவைத் தூக்கப் பார்த்தான், தடியும் அண்டாவும் சேர்ந்து அவனுக்குச் சரிப்படவில்லை. அவள் அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு டிராமுக்கு நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.